பவர் சப்ளை: பழையதே போதுமா, மாற்றிவிடலாமா?

கணினியில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை மாற்றும்போது, உள்ளே எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான பவர் சப்ளையைப் பற்றி இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். நான் மாற்றிவிட்டேன், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

ராம் கூட்டுவது, எஸ்எஸ்டி போடுவது என்றால் பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம். தனியாகப் பவர் கேபிள் கேட்காத சின்னக் கார்டும் அப்படித்தான். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டே அதற்குப் போதும்.

பெரிய கார்டு என்றால் கதை வேறு. மொத்த வாட்டை விட்டுவிட்டு, சப்ளையின் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற இடத்தைப் பாருங்கள். புராசஸரும் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. என் பழைய 550 வாட் சப்ளையில் அங்கே 34 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 408 வாட்தான். புதுக் கார்டுக்கே 250, புராசஸருக்கு நூற்றுச் சொச்சம். இழுத்துப் பிடித்தால் போதும் போலத்தான் தெரியும்.

ஆனால் அந்த 250 சராசரிக் கணக்கு. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, கார்டு அதைப்போல் இரு மடங்குகூட இழுக்கும். பழைய சப்ளை அதை ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு அணைந்துவிடும். ஆட்டத்தின் நடுவே கணினி பொட்டென்று நின்றால் பலரும் டிரைவரைச் சந்தேகித்து விண்டோஸையே மறுபடி போடுகிறார்கள். பவர் சப்ளைகளுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதைக் கணக்கில் எடுத்தது: புதுக் கார்டுகளுக்கான சப்ளை, தன் வாட்டைப்போல் இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும்.

வயதும் இதே இடத்தில்தான் அடிக்கிறது. திடீர் இழுப்பைச் சமாளிப்பதில், சப்ளைக்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றுக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. அதனால் சும்மா இருக்கும்போது ஒழுங்காக ஓடும் சப்ளை, சுமை ஏறும் நொடியில் தடுமாறும். வாரன்டி முடிந்த சப்ளையைப் பெரிய கார்டோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சேர்த்திருந்தால் உடனே நின்றிருக்குமா, இன்னும் சில வருடம் ஓடியிருக்குமா என்பதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

புது சப்ளை வாங்கும்போது கண்ணில் படும் 80 பிளஸ் கோல்டு முத்திரை மின் சிக்கனத்துக்கானது. தாங்குதிறனை அது சொல்லாது.

அப்புறம், மாற்றினால் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் கேபிளில், சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் (pin) எந்த வோல்ட் என்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடல்களுக்குள்ளேயே மாறும். பழைய கேபிள் அழகாகப் பொருந்திவிடும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாய்ந்தால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.