ஏஜென்சியா, மண்டித்தெருவா, ஆப்பா? மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்கும் மூன்று வழிகள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் மளிகைக் கடை. சோப்பு, பிஸ்கட், ஷாம்பு சரம், டீத்தூள், மசாலா, நூடுல்ஸ் என்று பாக்கெட் சரக்கு எடுக்க எங்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. வாராவாரம் கடைக்கே வந்து ஆர்டர் எடுக்கும் ஏஜென்சி (கம்பெனியின் உள்ளூர் விநியோகஸ்தர்) சேல்ஸ்மேன் ஒன்று. மண்டித்தெரு, லாங்கு பஜார் பக்கத்து ஹோல்சேல் கடைகள் இன்னொன்று. கைபேசியில் தட்டினால் வேனில் அனுப்பிவைக்கும் ஆப் மூன்றாவது. மூன்றிலும் வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போது பாக்கெட் சரக்கில் முக்கால்வாசியை ஏஜென்சியிடமே எடுக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர்கள் இதைக் கேட்டால், "காசு அதிகமாப் போச்சா உனக்கு?" என்கிறார்கள். பில்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான்.

அரிசி, பருப்பு, வெல்லம், மிளகாய் இந்தப் போட்டியில் சேராது. அதெல்லாம் மண்டிதான், வேறு பேச்சே இல்லை. துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, இரண்டை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்க வேண்டிய சரக்கு. ஆரணிப் பக்கத்து அரிசியையும் அணைக்கட்டுப் பக்கத்து வெல்லத்தையும் படத்தைப் பார்த்து எடுக்க எனக்கு மனசு வராது. பல வருடமாக வாங்கும் மண்டிக்காரர் என்றால் வண்டு விழுந்த மூட்டையை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார். சில்லறைக் கடைக்குக் கொஞ்சம் பாக்கியும் நிற்கும்.

விலையில் ஆப் முந்துகிறது. கடைகளுக்குச் சரக்கு விற்கும் ஆப்பான உடான் 2016இல் பெங்களூரில் தொடங்கியது. அதற்குப் பிறகு ரிலையன்ஸின் ஜியோமார்ட் வந்தது. ரிலையன்ஸ் 2022 டிசம்பரில், மொத்த விற்பனைக் கடைகள் நடத்தும் மெட்ரோ கேஷ் அண்ட் கேரியின் இந்திய வியாபாரத்தை ரூ.2,850 கோடிக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. இப்படிக் கைநிறையப் பணத்தோடு வருகிறவர்கள் கம்பெனியிடம் மொத்தமாக எடுத்து, ஏஜென்சி விலைக்கும் கீழே எங்களுக்குக் கொடுக்கிறார்கள். 2021 கடைசியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, ஏஜென்சிகளுக்கும் ஆப்காரர்களுக்கும் ஒரே விலை கொடுங்கள் என்று கம்பெனிகளோடு சண்டைக்கே போனது. அந்த விலை வித்தியாசத்தில் லாபம் பார்த்த பக்கம் எங்களைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆப்பில் இன்னொரு வசதி, ராத்திரி பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி முடித்துவிட்டு ஆர்டர் போடலாம். எந்த சேல்ஸ்மேன் எந்தக் கிழமை வருவார் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். பில்லும் சுத்தமாக வரும்.

ஹோல்சேல் கடை அவசரத்துக்கு. மாலையில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் எக்ஸல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்துப் பாக்கெட் வாங்கி வந்துவிடலாம். ஏஜென்சி பெட்டிக் கணக்கில் தள்ளும், இவர்கள் உதிரியாகத் தருவார்கள். கம்பெனி தரும் பெரிய ஸ்கீமில், அதாவது சலுகையில், எடுத்த சரக்கை அப்படியே விலை குறைத்துத் தள்ளுவதால் சில நாள் ஏஜென்சியைவிட மலிவாகவும் கிடைக்கும். இந்த இரண்டு வழிகளைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். யாரும் நாலு நாளில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்.

நான் ஏஜென்சிப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விற்காமல் தேதி தாண்டின சரக்கையும், எலி கடித்த, நசுங்கிய, காற்றுப் போன பாக்கெட்டையும் யார் திரும்ப எடுக்கிறார்கள் என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஏஜென்சியில் 9 ரூபாய்க்கு விழுகிறது, ஆப்பில் 8 ரூபாய் 80 காசுக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுக்கு 20 காசு மிச்சம். 44 பாக்கெட் வாங்கினால் 8 ரூபாய் 80 காசு மிச்சம். அந்த 44இல் ஒரே ஒரு பாக்கெட் வீணாகி, அதை யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விட்டது. இரண்டு போனால் ஏஜென்சியிடம் வாங்கியதைவிட நஷ்டம். நாற்பத்து நாலில் ஒன்று எங்கே வீணாகப் போகிறது என்று சில்லறைக் கடை நடத்தாதவர்கள் கேட்கலாம். மழைக்காலத்தில் ஓரத்து அலமாரியைத் திறந்து காட்டினால் புரியும்.

எல்லாச் சரக்குக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக இருக்காது என்பதும் உண்மை. உப்பு, சர்க்கரை, துணி துவைக்கும் சோப்பு, வீட்டுக்கு வீடு போகிற டீத்தூள் எல்லாம் வந்த வாரமே ஓடிவிடும். அவற்றில் தேதி பார்க்கவே தேவையில்லை, எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ஒரு கடையின் அலமாரியை நிரப்பி வைப்பது மெதுவாக ஓடும் சரக்கு. சத்து மாவு, குழந்தை உணவு, புதுச் சுவையில் வரும் நூடுல்ஸ், ஒரே ஒரு வீட்டுக்காக வைத்திருக்கும் மசாலா. வாடிக்கையாளர் வந்து "இருக்கா?" என்று கேட்கும்போது "இருக்கு" என்று சொல்லத்தான் அவற்றை வைத்திருக்கிறோம். இரண்டு தடவை இல்லை என்று சொன்னால் மூன்றாவது தடவை அந்த வீடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடும், அப்புறம் உப்புக்கும் நம்மிடம் வராது. திரும்ப எடுக்க ஆள் இருந்தால்தான் அந்த மாதிரிச் சரக்கைத் துணிந்து வைக்க முடியும்.

கடுகு எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள். அதனால் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் கடுகு எண்ணெய் இருந்தே தீரும், போர்டில் வங்காள எழுத்தும் இருக்கும். எங்கள் கடைக்கு வரும் ஏஜென்சி எதிலும் நான் விற்கும் அந்த எண்ணெய் கிடையாது, ஹோல்சேலில்தான் வாங்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, விசாவும் இறுகியதில் அங்கிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். எண்ணெய் பாட்டில்கள் அலமாரியில் நின்றன. ஹோல்சேல்காரரிடம் கேட்டேன். "வித்தது வித்ததுதான்பா, நான் எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்றார். அவர் சொல்வதும் நியாயம், அவருக்குப் பின்னால் கம்பெனி நிற்கவில்லை. கடைசியில் ஒரு டிபன் கடைக்கு வாங்கிய விலைக்குக் கீழே தள்ளிவிட்டேன். இப்போது அந்த எண்ணெய் மட்டும் ஐந்து ஐந்து பாட்டிலாக வருகிறது.

ஏஜென்சிக்குப் பின்னால் கம்பெனி நிற்கிறது, வித்தியாசம் அதுதான். நாம் கொடுக்கும் டேமேஜை ஏஜென்சி சேர்த்து வைத்துக் கம்பெனியிடம் கிளைம் போடும், கம்பெனி அதற்கு ஒரு வரம்பு வைத்துப் பணம் கொடுக்கும். அதனால்தான் சேல்ஸ்மேனால் "குடுங்கண்ணா, அடுத்த பில்லுல கழிச்சுடறேன்" என்று சொல்ல முடிகிறது. நான் வாங்கிப் பார்த்த ஆப்பில் திருப்பி அனுப்புவதற்கு வழி இருந்தது, ஆனால் டெலிவரி ஆன கொஞ்ச நாளைக்குள், பெட்டி உடைந்து வந்திருந்தால் மட்டும். மூன்று மாதம் கழித்துத் தேதி தாண்டினால் அது என் தலைவலி. எல்லா ஆப்பிலும் இதே விதிதானா என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

தேதியைப் பற்றி இன்னொன்று. 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, இணையத்தில் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது உணவுப் பொருளின் ஆயுளில் 30 சதவீதமாவது, இல்லையென்றால் காலாவதிக்கு 45 நாளாவது மீதம் இருக்க வேண்டும் என்று சொன்னது. வீட்டில் உட்கார்ந்து வாங்குகிறவருக்கான ஏற்பாடு அது. கடைக்கு வரும் பெட்டியில் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை. ஏஜென்சிப் பையன் பெட்டியை இறக்கும்போதே தேதியைப் பார்த்து, "இது வேணாம், வேற பேட்ச் கொண்டா" என்று சொல்லலாம். வேனிலிருந்து இறக்கிவைத்து ஓடிபி கேட்டுவிட்டுப் போகிறவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியபோது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தடவும் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. வாடிக்கையாளர்களுக்கு நல்ல செய்தி, மறுநாள் காலையிலேயே புது விலை கேட்டு வந்துவிட்டார்கள். எங்களைப் போல ஜிஎஸ்டியின் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர்கள் (ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்கள், விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும்) வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. 18 சதவீதம் கொடுத்து வாங்கிய சரக்கைப் புது விலையில் விற்றால் வித்தியாசம் நம் கையைக் கடிக்கும். எங்களுக்கு வரும் ஏஜென்சிகளில் சிலர் கடைக்கு வந்து இருப்பை எண்ணிக்கொண்டு போய் அடுத்த பில்லில் கழித்தார்கள். ஒருவர் பணமாகத் தராமல் சரக்காகக் கொடுத்தார், அதுவும் பரவாயில்லை. ஆப்பில் வாங்கியதற்குக் கேட்டால், அந்த ஆர்டர் முடிந்துவிட்டது என்று ஒரே பதில். ஹோல்சேலில், "எனக்கே யாரும் தரல" என்றார்கள்.

இவ்வளவு சொல்வதால் ஏஜென்சிக்காரர்கள் தர்மவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாதக் கடைசி வந்தால் சேல்ஸ்மேனுக்கு டார்கெட் ஜுரம் வந்துவிடும். "ஸ்கீம் இன்னிக்கோட முடியுதுண்ணா" என்று நமக்கு வேண்டாததையும் தலையில் கட்டப் பார்ப்பார். டேமேஜை எடுத்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் கழிக்காமல் இழுப்பார். நடுவில் ஆள் மாறிவிட்டால் புதிதாக வருகிறவருக்கு எதுவும் தெரியாது. அதனால் நாங்கள் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு காலி அட்டைப்பெட்டி, டேமேஜ் அதில்தான் விழும். தேதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சேல்ஸ்மேனிடம் காட்டிவிடுவோம், தாண்டிய பிறகு காட்டினால் பேச்சு வளரும். கொடுக்கும்போது என்ன பொருள், எத்தனை, என்ன விலை என்று பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வோம். பழைய டேமேஜுக்கான பணம் கழியாமல் புது பில்லுக்கு முழுப் பணம் தருவதில்லை. இந்தக் கடைசி வழக்கத்தை என் மனைவி கொண்டுவந்தாள், அதற்குப் பிறகுதான் டேமேஜ் பணம் பில்லில் ஒழுங்காகக் கழிய ஆரம்பித்தது.

ஆப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹிந்துஸ்தான் யூனிலீவரின் ஷிகர் மாதிரி, கம்பெனியே கடைக்காரர்களுக்காக நடத்தும் ஆப் இருக்கிறது. அதில் நாமே ஆர்டர் போடலாம், சரக்கு அதே ஏஜென்சியிலிருந்து வரும், டேமேஜும் அதே ஏஜென்சிக்குப் போகும். சேல்ஸ்மேன் வராத வாரத்தில் அது கைகொடுக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கும் நல்லது சேர்ந்த ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப் என்று போனால் கைபேசியில் இடம் இருக்காது, கடைக்காரனுக்குப் பொறுமையும் இருக்காது.

ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு என் அனுபவம் எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நான் மண்டித்தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஏஜென்சி வண்டிகள் வாராவாரம் எங்கள் தெருவில் நிற்கின்றன. ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக் கடைக்கு எல்லா ஏஜென்சி லைனும் போகாது. போனாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகலாம். அங்கே ஆப் வேன் வருகிறது என்றால் அது பெரிய உதவிதான். அங்கே கடை வைத்திருப்பவர்கள் என் கணக்கில் வண்டிச் செலவையும் ஒரு நாள் கடை பூட்டுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐஸ்கிரீம், பால் பொருள் பற்றியும் நான் பேசவில்லை, எங்கள் கடையில் ஃப்ரீசர் கிடையாது.

இப்போது எனக்கு இருக்கும் கவலை வேறு. எங்களுக்குச் சரக்கு போட்டுக்கொண்டிருந்த ஏஜென்சிகளில் ஒன்றின் உரிமையாளர், மார்ஜின் கட்டவில்லை, பசங்களும் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி ஏஜென்சியைக் கைமாற்றிவிட்டார். புதிதாக எடுத்தவர் நல்லபடியாகத்தான் சரக்கு அனுப்புகிறார். ஆனால் பழையவரிடம் நாங்கள் கொடுத்த டேமேஜுக்கு அவர் பொறுப்பில்லை என்கிறார், பழையவர் எல்லாக் கணக்கையும் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டேன் என்கிறார். கையெழுத்து போட்ட பில்லும் படமும் என்னிடம் இருக்கின்றன. கம்பெனியின் ஏரியா ஆபீசர் வரும் வாரம் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.