அரசு சட்ட அலுவலகத்தில் நான்கு வார இன்டர்ன்ஷிப்: சேரலாமா?

அரசு சட்டக் கல்லூரி ஒன்றில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மாநிலத் தலைநகரில் உள்ள ஓர் அரசு சட்ட அலுவலகத்தில் நான்கு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அரசுத் துறைகளுக்காக உயர் நீதிமன்றத்தில் ஆஜராகும் வழக்கறிஞர்களும், அவர்களுக்கு வழக்குக் கட்டுகளை எடுத்துத் தரும் பணியாளர்களும் நிறைந்த அலுவலகம் அது. பெயர் இங்கே வேண்டாம். இப்போது சொந்த மாவட்டத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். "அங்கே போகலாமா அக்கா?" என்று கல்லூரித் தம்பி தங்கைகள் ஆண்டுதோறும் கேட்பதால், தனித்தனியே போனில் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பயிற்சியின் தரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தனியார் சீனியர் ஒருவரிடம் ஓராண்டு கட்டுத் தூக்கினாலும் கண்ணில் படாத அளவுக்கு ரிட் மனுக்கள் (அரசின் நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனுக்கள்) ஒரே வாரத்தில் கைக்கு வந்தன. மனு நகல் வந்ததும் சம்பந்தப்பட்ட துறைக்குக் கடிதம் போவது, அங்கிருந்து மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாகப் பத்திவாரிக் குறிப்புகள் வருவது, அதை வைத்து அரசின் பதிலான எதிர் வாக்குமூலம் வரைவது, வரைவு மீண்டும் துறைக்குப் போய் அதிகாரியின் கையெழுத்தோடு திரும்புவது என்ற நீண்ட பயணத்தை உட்கார்ந்து பார்த்த பிறகுதான், அரசுத் தரப்பு ஏன் ஒவ்வொரு வாய்தாவிலும் கால அவகாசம் கேட்கிறது என்பது எனக்கு விளங்கியது. பாடப்புத்தகம் இதைச் சொல்லித் தருவதில்லை.

இரண்டாம் வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நில வழக்கில் வருவாய்த் துறை அனுப்பிய தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் சுருக்கும் வேலை என்னோடு இருந்த இராமநாதபுரம் மாவட்டத்து மாணவர் ஒருவருக்கு வந்தது. ஏற்கெனவே தயாராகியிருந்த வரைவில் அந்த நிலம் 'தரிசு' என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. அவர் ஊரின் ஒவ்வொரு நிலத்தின் வகையையும் சொல்லும் 'அ' பதிவேட்டின் நகலைப் புரட்டிவிட்டு, "மேடம், இது தரிசு இல்லை, மேய்க்கால் புறம்போக்கு" என்றார். தரிசு என்றால் தகுதியுள்ளவருக்கு அரசு ஒப்படை செய்ய, அதாவது நிலத்தை வழங்க, வழி உண்டு. மேய்க்கால் புறம்போக்கோ கால்நடை மேய்ச்சல் என்ற ஊரின் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது, வகைப்பாட்டை மாற்றாமல் யாருக்கும் கொடுக்க முடியாது. அரசு கோர்ட்டில் சொல்லவிருந்த வாதமே தலைகீழாகியிருக்கும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிய மற்ற பயிற்சியாளர்கள் யாரும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர்; ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கை வாங்க அப்பாவோடு போய் நின்ற அனுபவம் அவர்களுக்கு இல்லை. அலுவலகத்தில் பலதரப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று யாராவது பேசினால், எனக்கு அந்த 'அ' பதிவேட்டு நகல்தான் நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்டவர்கள் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்பதில்தான் இந்தப் பயிற்சித் திட்டம் என்னிடம் மதிப்பெண் இழக்கிறது. நான் சேர்ந்தபோது விண்ணப்பம் கோரும் அறிவிப்பு எதுவும் இல்லை, கடைசித் தேதி இல்லை, தேர்வு முறை இல்லை. முதல் நாள் பிரிவு அலுவலர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த சீனியர் அனுப்பினாரும்மா?" என்பதுதான். என்னை அனுப்பியவர் கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு அங்கே ஒரு பழைய வகுப்புத் தோழர் இருந்தார், அவ்வளவே. எங்கள் குழுவில் இருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே தனியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், அவர்களிலும் பாதிப்பேர் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள்.

செலவு அடுத்த தடை. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் இன்டர்ன்ஷிப் கட்டாயம். கட்டாயமாக்கிய விதி, அந்த வாரங்களில் சாப்பாட்டுக்கு யார் பணம் தருவது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களுக்கு உதவித்தொகை கிடையாது. மகளிர் விடுதி வாடகை, பேருந்து, சாப்பாடு, கறுப்புக் கோட்டு என்று என் நான்கு வாரத்துக்கும் அம்மாவின் சீட்டுப் பணம்தான் போனது. தலைநகரிலேயே படிப்பவர்களுக்கு இது எளிது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே இருந்த காலத்தில் மாணவர்கள் நடந்தே கோர்ட்டுக்குப் போனார்கள். 2018-ல் அது நகருக்கு வெளியே பட்டரைபெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட பிறகு, மாலை வகுப்பு முடித்து ஒரு சீனியரின் சேம்பரை எட்டிப் பார்ப்பதுகூட ஒரு பயணமாகிவிட்டது.

நான்கு வாரப் பயிற்சிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். அந்த அலுவலகங்களுக்குப் பின்னாளில் யார் போகிறார்கள் என்பதோடு இது பிணைந்திருக்கிறது. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் அரசுக்காக வாதாடும் அரசு உதவி வழக்கு நடத்துநர்களைத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எழுத்துத் தேர்வு வைத்து எடுக்கிறது. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு அங்கே அப்படியே வேலை செய்கிறது. உயர் நீதிமன்றத்தில் அரசுக்காக ஆஜராகும் பொறுப்புகள் அப்படியல்ல. அவை அரசு பரிசீலித்து நியமிப்பவை, ஆகவே தெரிந்த முகத்துக்கு அங்கே மதிப்பு அதிகம், அந்த முகம் முதலில் தெரியவருவது இத்தகைய பயிற்சிகளில்தான். பஞ்சாப், ஹரியானா அரசு வழக்கறிஞர் நியமனங்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல், இவை அரசு நினைத்தபடி வழங்கும் சலுகைகள் அல்ல, நியாயமான தேர்வு முறை வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வெளிச்சம் இன்டர்ன்ஷிப் மேசை வரை எட்டவில்லை.

அப்படியொரு தேர்வு முறை எட்ட முடியாத உயரத்திலும் இல்லை. உச்ச நீதிமன்றம், நீதிபதிகளுக்கு ஆய்வில் உதவும் சட்ட எழுத்தர்களை வெளிப்படையான அறிவிப்பு, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்ற வரிசையில்தான் எடுக்கிறது. 2024 அறிவிப்பில் மாத ஊதியம் 80,000 ரூபாய். அமெரிக்க நீதித் துறை 1953 முதலே புதிய சட்டப் பட்டதாரிகளுக்கென ஒரு தனித் தேர்வுத் திட்டம் நடத்துகிறது. அதிலும் கறை உண்டு: அரசியல் சாய்வு பார்த்து விண்ணப்பதாரர்கள் கழிக்கப்பட்டதை அத்துறையின் சொந்தக் கண்காணிப்பு அமைப்புகளே 2008-ல் அறிக்கையாக வெளியிட்டன. எழுதிவைத்த விதி இருந்ததால்தான் மீறலைச் சுட்டிக்காட்ட முடிந்தது. நான் போன இடத்தில் மீறுவதற்குக்கூட ஒரு விதி இல்லை.

என் மதிப்பெண்: கற்றுக்கொள்ளும் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, சேர்க்கை முறைக்கு ஒன்று. வாய்ப்புக் கிடைத்தால் போங்கள். காலை வழக்குப் பட்டியலை முந்தின இரவே பார்த்துவிட்டுப் போங்கள்; வருவாய் ஆவணங்கள் படிக்கத் தெரிந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், நல்ல கட்டுகள் தேடி வரும். சான்றிதழ் எனக்கு ஒரு மாதம் கழித்து, மூன்று முறை போன் செய்த பிறகு வந்தது. பெயர் சரியாக இருந்தது. கல்லூரிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பழைய படிவத்தை மாற்ற மறந்துவிட்டார்கள் போலும், அந்த ஆறு பேரின் தனியார் பல்கலைக்கழகப் பெயர் இருந்தது.