டிரை ஃப்ளையா, நிம்ஃபா, டென்காராவா: ட்ரவுட்டுக்கு எந்தத் தூண்டில்?

செயற்கைப் பூச்சியைக் கட்டி வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் மீன் அதிகம் விழும்?" என்பதைத்தான். நீருக்குள் மூழ்கவிடும் பூச்சியான நிம்ஃபில்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதை மட்டும் கேட்டுக்கொண்டு கடைக்கு ஓடிவிடாதீர்கள்.

ஆற்றில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பவருக்குப் பெரிய தலைவலி, தண்ணீரின் இழுப்பு. கரையோரம் நீர் மெதுவாக நகரும். நடுவில் வேகமாக ஓடும். வீசிய கயிறு இரண்டுக்கும் குறுக்கே கிடந்தால், வேகமான நீர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். முனையில் இருக்கும் செயற்கைப் பூச்சியும் தானாக மிதந்து வராமல், மோட்டார் படகு மாதிரி பின்னால் கோடு கிழித்துக்கொண்டு ஓடும். அதை ட்ரவுட் சீண்டாது. இந்த இழுப்பை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தாலே மூன்று முறைகளுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் கோலைப் பற்றிக் கொஞ்சம். நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே பூச்சிக்கு எடை என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் இல்லை. தடித்த கயிறே பூச்சியைச் சுமந்துபோகிறது. அதனால் கயிற்றுக்கு எடை எண் உண்டு, கோலுக்கும் அதே எண். 5ஆம் எண் கயிறு என்றால் முன்பக்க 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். ட்ரவுட்டுக்கு 9 அடி நீளம், 5ஆம் எண் கோல் என்பது ஊரறிந்த கணக்கு. மகசீர் போன்ற பெரிய மீனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 8 எண்ணுக்குக் குறைந்து எடுப்பதில்லை.

டிரை ஃப்ளை தண்ணீரின் மேல் மிதப்பது. கயிறும் மிதப்பதால் இழுப்பின் முழுத் தொல்லையும் இதற்குத்தான். வீசி முடித்த கையோடு கோல் நுனியை அரைவட்டமாகச் சுழற்றி, நடுக்கயிற்றை மட்டும் தூக்கி நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் போட வேண்டும். மெண்டிங் என்பார்கள். தூக்கும்போது பூச்சி ஓர் அங்குலம் அசைந்தாலும் அந்த வீச்சு வீண்தான். பூச்சியைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு 5எக்ஸ், அதாவது 0.15 மில்லிமீட்டர் தடிமன், அதைவிடத் தடித்தால் பூச்சி விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு மீன் கடித்ததும் பூச்சி நனைந்து முழுகத் தொடங்கும். துடைத்து, மிதவைப் பசை தடவி மறுபடி வீச வேண்டும். இத்தனை பாடும் எதற்கு என்றால், மீன் மேலே வந்து வாய் திறந்து பூச்சியை எடுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நொடியில் கை தானாகக் கோலைச் சுண்டப் பார்க்கும். சுண்டக்கூடாது. வாயை மூடிக்கொண்டு அது கீழே திரும்பட்டும், அப்புறம் தூக்குங்கள்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஆறுகளில் டிரை ஃப்ளையைப் பற்றி எழுதிப் பரப்பிய ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்டின் சீடர்களுக்கு டிரை ஃப்ளை ஏறக்குறைய ஒரு மதம். அதே ஆறுகளில் நிம்ஃபும் செல்லும் என்று வாதாடிய ஸ்கூஸ் என்ற தூண்டில்காரரை அவர்கள் லேசில் விடவில்லை. 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் வைத்தார்கள். மீனைக் கேட்டிருந்தால் ஸ்கூஸ் பக்கம்தான் நின்றிருக்கும். ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடியில் புழுப் பருவத்துப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ட்ரவுட் பெரும்பாலும் தின்பது அவற்றைத்தான். சிறகு முளைத்து அவை மேலே வருவது கொஞ்ச நேரம்தான்.

நிம்ஃபை அடிக்குக் கொண்டுபோக எடை வேண்டும். ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃப்ராங்க் சாயர் நூலுக்குப் பதில் செம்புக் கம்பியாலேயே நிம்ஃப் கட்டினார். இப்போது டங்ஸ்டன் மணி கோக்கிறார்கள். மேலே தக்கை கட்டி மிதக்கவிடுவது எளிய வழி. தக்கை கட்டினால் அது ஃப்ளை ஃபிஷிங்கே இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. உலகப் போட்டிகளிலும் தக்கைக்கு அனுமதி இல்லை. அந்தத் தடையைச் சுற்றித்தான் செக், பிரெஞ்சு, ஸ்பானிய அணிகளின் நிம்ஃபிங் முறைகள் தீட்டப்பட்டன: 10 முதல் 11 அடிக் கோல், 3ஆம் எண், தடித்த கயிறே நீரில் படாதபடி நீண்ட மெல்லிய நரம்பு. நீரில் கிடப்பது ஒரே ஒரு மெல்லிய இழை என்பதால் இழுப்புக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. நரம்பின் நடுவே ஒரு துண்டு மட்டும் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும். அது ஒரு கணம் தயங்கினால் தூக்க வேண்டும். கல்லாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். குறை என்னவென்றால் காற்றடித்தால் ஒன்றும் நடக்காது, தூரமும் எட்டாது. பாறை இடுக்கில் முள் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும். பெட்டி சீக்கிரம் காலியாகிவிடும்.

டென்காரா ஜப்பானிய மலை ஓடைகளின் முறை. நரம்பு சுற்றி வைக்கும் ரீலே கிடையாது. சுமார் 3.6 மீட்டர் மடக்குக் கோல், நுனியில் கட்டிய நரம்பு, ஒரு பூச்சி, அவ்வளவுதான். கோல் நீளமாக இருப்பதால் நரம்பை நீருக்கு மேலேயே பிடித்துக்கொள்ளலாம், மெண்டிங் தேவையே இல்லை. செலவும் குறைவு. ஆனால் பெரிய மீன் ஓட ஆரம்பித்தால் விட்டுக்கொடுக்க நரம்பு இருக்காது. நாமும் கரையோடு ஓட வேண்டியதுதான். 5எக்ஸைவிடத் தடித்த நுனி நரம்பு கட்டினால் நரம்புக்கு முன்னால் கோல் உடையலாம்.

சரி, எதை வாங்குவது? ஹிமாச்சலின் தீர்த்தன் போன்ற பாறை ஆறு என்றால், வேகமான நீரில் பகலில் நிம்ஃப், சாயங்காலம் பூச்சி கிளம்பும்போது அமைதியான நீரில் டிரை ஃப்ளை. அந்த ஆற்றில் வந்து சேரும் சின்ன ஓடைகளில் நான் டென்காராவைத் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டேன். ஒரே ஒரு கோலுக்குத்தான் காசு என்றால் 9 அடி, 5ஆம் எண்ணை வாங்குங்கள். நிம்ஃபிங்கில் அது இரண்டாம் தரம்தான், ஆனாலும் தக்கை கட்டி ஓட்டிவிடலாம். நீண்ட நிம்ஃப் கோலை முதலில் வாங்கியவர்கள் வீசக் கற்றுக்கொள்வதே இல்லை. அது வீசுகிற கோலே இல்லை.

மிச்சக் காசில் இரண்டாவது கோலுக்கு முன்னால் நீரின் பளபளப்பை மறைக்கும் ஒரு போலரைஸ்டு கண்ணாடி வாங்குங்கள். ஹிமாச்சலில் மீன்வளத்துறை உரிமம் இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய, ட்ரவுட் முட்டையிடும் காலம் என்பதால், தடை உண்டு. டிக்கெட் போடும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.