டைல்ஸ் வேலை கொடுப்பவர்கள் அட்வான்ஸ் தருவதற்கு முன் இதைப் படியுங்கள்

திருச்சியில் வீட்டுக்கு டைல்ஸ் போட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டில் ஹாலுக்கும் மாடி பாத்ரூமுக்கும் டைல்ஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹாலில் இரண்டு வரிசை எழும்பி உடைந்து கிடக்கிறது, மாடி பாத்ரூம் தண்ணீர் கீழே சமையலறைக் கூரையில் கசிகிறது. வேலையை எடுத்த காண்ட்ராக்டர் பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு இப்போது போனை எடுப்பதே இல்லை.

வீடு பழையது, ஹாலில் மொசைக் தரை. "அதை உடைக்கவே வேண்டாம்க்கா, வீடெல்லாம் தூசி, அள்ளிப் போடுற செலவு வேற, மேலேயே பசை போட்டு ஒட்டிரலாம்" என்றார். அவர் சொன்னதில் இது மட்டும் உண்மை. பழைய தரை கெட்டியாக, தட்டினால் டொக்கென்று வெற்று ஓசை வராமல் இருந்தால் அதன் மேலேயே ஒட்டலாம். ஆனால் அதற்கென்று வரும் டைல் பசையால்தான் ஒட்ட வேண்டும், சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் நிற்காது. பாலிஷ் போட்ட மொசைக் வழவழப்பானது, விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு, இரண்டுக்கும் நடுவில் வெறும் சிமெண்ட் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இதை அவரே எங்களிடம் விளக்கி, அதனால்தான் பசை போடுகிறேன், ரேட் கூட வருகிறது என்று எஸ்டிமேட்டில் தனியாக எழுதிப் பணம் வாங்கினார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 20 கிலோ பசை மூட்டை ஒன்று, 3 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் 50, 60 சதுர அடிக்கு வரும். எங்கள் ஹால் 400 சதுர அடி, ஆக ஏழெட்டு மூட்டை வேண்டும். வாசலில் எட்டு மூட்டை அடுக்கியும் இருந்தது. அதில் மூன்றுதான் புதுசு. மற்றதெல்லாம் வேறு வீட்டில் காலியான பைகள், உள்ளே சிமெண்டும் எம்-சாண்டும் கலந்து நிரப்பி வாயைக் கட்டிக் கொண்டுவந்தது. அவரிடம் சம்பளப் பாக்கிக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்த ஒரு பையன்தான் பிறகு அம்மாவிடம் இதைச் சொன்னான். அம்மா தினமும் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, மத்தியானம் சாதமும் கொடுத்திருக்கிறார். அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் நடந்து போயிருக்கிறார்.

வேலை முடிந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் நடந்தால் சில இடங்களில் டொக் டொக்கென்று சத்தம். கேட்டதற்கு, "செட் ஆகுதுக்கா, சரியாயிரும்." சித்திரை வெயில் வந்ததும் ஒரு மத்தியானம் பட்டென்று வெடிச் சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்து பார்த்தால், ஹால் நடுவில் இரண்டு வரிசை டைல் கூடாரம் போல நிமிர்ந்து நிற்கிறது. டைலுக்கு டைல் இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டியிருக்கிறார்கள், சுவர் ஓரத்திலும் விடவில்லை. வெயிலில் டைல் விரியும், ஓரத்தில் போக இடமில்லை, கீழே பிடிப்பும் இல்லை, மேலே எழும்பாமல் என்ன செய்யும்? ஸ்பேசர் வைக்கச் சொன்னபோது, கேப் விட்டால் அழுக்கு சேரும் என்று சொன்னவர் இவர்தான்.

உடைந்த டைலை நான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக ஐந்து இடத்தில் மட்டும் கலவையின் தடம். மற்ற இடமெல்லாம் சுத்தமாக, கம்பெனி பெயர் அச்சு அப்படியே படிக்கிற மாதிரி இருந்தது. முறையாகச் செய்தால் பல் வைத்த கரண்டியால் தரை முழுக்கப் பசையை இழுத்துவிட்டு டைலை அழுத்த வேண்டும், டைலைப் பெயர்த்தால் பசையோடுதான் வர வேண்டும். இது துடைத்து எடுத்த தட்டு மாதிரி வந்தது.

பாத்ரூம் கதை இதைவிட மோசம். வாட்டர் புரூஃபிங் இரண்டு கை அடித்தாச்சு என்றார். எங்கள் குடும்பமே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அடித்து, அன்றே டைலும் ஒட்டிவிட்டாராம். கோட்டிங் காய வேண்டும், காய்ந்தபின் தரைத் தண்ணீர் வெளியே போகும் நஹானி ட்ராப்பின் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ்த்தளக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல் ஒட்ட வேண்டும். எதுவும் நடக்கவில்லை. இப்போது புதுக்கோட்டையிலிருந்து வந்த வேறு கொத்தனார் திறந்து பார்த்தார், கோட்டிங் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. ட்ராப்பைச் சுற்றிப் பழைய சிமெண்ட்டைக் கொத்திவிட்டுப் பூசாமலே மூடியிருக்கிறார்கள். வாட்டமும் தலைகீழ், தண்ணீர் ட்ராப் பக்கம் போகாமல் கதவோரம் தேங்குகிறது. எழுபது வயது தாண்டிய, முட்டிவலிக்காரர் விடிகாலையில் இருட்டில் எழுந்து போகிற பாத்ரூம் இது. பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இன்னொன்று, பெட்டிக் கணக்கு. 2க்கு 2 டைல் பெட்டிக்கு நான்கு, கடையில் 16 சதுர அடி என்பார்கள், அளந்தால் பதினைந்தரைதான் வரும். வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் கூட வாங்குவதும் வழக்கம்தான். ஆனால் இவர் அதற்கும் மேலே பெட்டிகளை ஏற்றச் சொல்லி, மிஞ்சிய பிரிக்காத பெட்டிகளைத் தானே கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். எங்களுக்கு மாற்று டைல் ஒன்றுகூடக் கையில் இல்லை. உடைந்ததற்குப் பதில் வாங்கப் போனால் அந்த பேட்ச் முடிந்துவிட்டது, புதுசில் நிறம் லேசாக மாறுகிறது.

முதலில் மேஸ்திரி ஊருக்குப் போயிட்டான் என்றார், அப்புறம் டைல் கம்பெனி கோளாறு என்றார், கடைசியாக "கட்டடம் இறங்குதுக்கா, நான் என்ன பண்ண?" என்றார். இருபது வருஷமாக ஒரு கீறல் விழாத கட்டடம்.

எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீதுகள், டைலின் பின்பக்கப் படங்கள், அந்த ஐந்து பொய் மூட்டைகளில் மிஞ்சிய ஒன்று, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, வக்கீல் நோட்டீஸும் அனுப்பியிருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால் இதுவும் சேவைக் குறைபாட்டில் வரும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இதே மாதிரி மாட்டியவர்கள் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஆள் பெயரை வழக்கு முடியும்வரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் இன்னும் உறையூர், புத்தூர் பக்கம் வேலை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். "பசை, கோட்டிங் எல்லாம் என் பொறுப்பு, நீங்க டைல் மட்டும் வாங்கிக் கொடுங்க" என்று யார் பேசினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பசையையும் கோட்டிங்கையும் நீங்களே கடையில் பில் போட்டு வாங்குங்கள், பசை மூட்டையில் டைல் பசைக்கான இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 15477 முத்திரையும் எந்த வகை என்பதும் அச்சிட்டிருக்கும், வீட்டில் ஒருவர் பார்க்கத்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடைசித் தவணையை, ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்து, பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத ஆளுக்கு வேலையே கொடுக்காதீர்கள்.