கால்குலஸ்: பள்ளியிலேயே ஏபி பிசியா, கம்யூனிட்டி காலேஜா?

கலிஃபோர்னியாவில் பத்தாம் வகுப்பிலேயே பிரிகால்குலஸை முடித்துவிடும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு இரண்டு வழி. பள்ளியில் ஏபி கால்குலஸ் பிசி எடுக்கலாம். ஏபி (AP) என்பது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி அளவுப் பாடம்; பிசி (BC) அதன் கால்குலஸ் பாடங்களில் பெரியது. அல்லது டூயல் என்ரோல்மென்ட்டில், அதாவது பள்ளியில் படித்தபடியே, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) சேர்ந்து, கால்குலஸ் 1, 2 இரண்டையும் செமஸ்டருக்கு ஒன்றாக முடிக்கலாம். எங்கள் வீட்டில் பிசிதான் எடுத்தோம். இதை எழுதுவதும் அந்தச் சாய்வோடுதான்.

பணம் இங்கே பெரிய விஷயமில்லை. ஏபி தேர்வுக்கு 100 டாலரை ஒட்டிக் கட்டணம். காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர் என்றாலும், பள்ளி மாணவர்கள் பகுதி நேரமாகப் படித்தால் பொதுவாக அதை வாங்குவதில்லை. புத்தகச் செலவு மட்டும் இருக்கும். பாடமும் கிட்டத்தட்ட ஒன்றே. வேகம்தான் வேறு. பள்ளி ஓர் ஆண்டில் பிசியைவிடச் சிறிய ஏபி கால்குலஸ் AB அளவுக்கு நடத்துவதைக் காலேஜ் கால்குலஸ் 1 ஏறக்குறைய 16 வாரத்தில் முடித்துவிடும். 4 யூனிட் என்றால் வாரம் 4 மணி நேரம் வகுப்பு, வீட்டில் இன்னும் 8 மணி நேரம். கோடையில் 6 அல்லது 8 வாரத்தில் இதே பாடத்தை எடுப்பதை, முதல்முறை கால்குலஸ் படிக்கும் பிள்ளைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முடிவைத் தீர்மானிப்பது, மதிப்பெண் எங்கே பதிவாகிறது என்பதுதான். பிசி தேர்வில் 5-க்கு 2 வந்தால் கிரெடிட் (அந்தப் பாடத்தை முடித்ததாகப் பல்கலைக்கழகம் ஏற்பது) கிடைக்காது, அவ்வளவுதான். அந்த ஸ்கோரை அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் பிள்ளையே முடிவு செய்யலாம். பிசியில் மட்டும் வரும் தொடர்கள் (series) பகுதியில் சறுக்கினாலும், பிசி ஸ்கோரோடு AB அளவுப் பாடத்துக்கான துணை ஸ்கோரும் தனியாக வரும். அதை வைத்துக் கால்குலஸ் 1-க்குக் கிரெடிட் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. பிசி வகுப்பின் கிரேடு பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவு) இருக்கும். கல்லூரியில் சேர்ந்தபின் அதை யாரும் கேட்பதில்லை.

காலேஜ் வகுப்பில் வாங்கும் சி கிரேடு அப்படி மறையாது. பதினைந்து, பதினாறு வயதில் வாங்கினாலும் அது கல்லூரி மதிப்பெண்தான். யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) விண்ணப்பத்தில் படித்த எல்லாக் காலேஜ் வகுப்புகளையும் காட்டியாக வேண்டும். மருத்துவக் கல்லூரி கனவுள்ள வீடுகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏஎம்சிஏஎஸ், பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரி வகுப்புகளின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். கணிதம் அதன் அறிவியல் ஜிபிஏவுக்குள் (கிரேடு சராசரி) வருகிறது. திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் பழைய சி-யும் சேர்த்தே கணக்கிடப்படும். சட்டக் கல்லூரி விண்ணப்பத்திலும் பள்ளிக் காலக் கல்லூரி மதிப்பெண்கள் ஜிபிஏவில் சேரும்.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பிசியின் கிரெடிட் மே மாதத்தில் ஒரே நாள், மூன்றேகால் மணி நேரத் தேர்வைப் பொறுத்தது. எம்ஐடி 5 வாங்கினால் முதல் கால்குலஸைத் தாண்டவிடும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தராது. காலேஜில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் யூசி, கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பு) இரண்டிலும் கிரெடிட் உறுதி. எந்த வகுப்பு எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் (assist.org) தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். ஆனால் பல தனியார் பல்கலைக்கழகங்கள், பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் எடுத்த வகுப்புக்கு மறுபடியும் கிரெடிட் தருவதில்லை. இவையெல்லாம் கலிஃபோர்னியாக் கணக்கு. டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் விதிகள் வேறு; கவுன்சிலரைக் கேட்காமல் இதை அங்கே பொருத்த வேண்டாம்.

பள்ளியில் பிசியே இல்லையென்றால் காலேஜ்தான் வழி. பதினோராம் வகுப்பில் பிசி முடித்து, பன்னிரண்டில் அடுத்த படியான மல்டிவேரியபிள் கால்குலஸோ லீனியர் ஆல்ஜீப்ராவோ படிக்க விரும்பினாலும் அதே. அதற்குள் பிள்ளைக்கு அடித்தளம் இருக்கும். சி வரும் வாய்ப்பு குறைவு. யூசி ஒரு செமஸ்டர் காலேஜ் வகுப்பைப் பள்ளியின் முழு ஆண்டு வகுப்பாக எண்ணும், ஜிபிஏவில் கூடுதல் எடையும் தரும்.

அப்படிப் போவதானால் சிக்கல் பதிவிலேயே தொடங்கும். பள்ளி மாணவர்களுக்குப் பதிவு வரிசையில் கடைசி இடம். மாலை நேரக் கணித வகுப்புகள் அதற்குள் நிரம்பிவிடும். பெற்றோர், பள்ளி இருவரின் கையெழுத்திட்ட படிவம், பிரிகால்குலஸ் அல்லது பிசி முடித்ததற்கான சான்று இரண்டையும் பதிவு திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள். வகுப்பு தொடங்கியதும் இரண்டு தேதிகளைக் காலண்டரில் குறியுங்கள். முதலாவது, டிரான்ஸ்கிரிப்டில் சுவடில்லாமல் விலகும் கடைசி நாள்; செமஸ்டரின் முதல் சில வாரங்களுக்குள் வந்துவிடும். இரண்டாவது, டபிள்யூ (W, விலகியதைக் காட்டும் குறி) வாங்கிக்கொண்டு விலகும் கடைசி நாள்; செமஸ்டரின் முக்கால் பங்கு முடிவதற்குள். முதல் மிட்டேர்ம் பெரும்பாலும் முதல் தேதிக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே மிட்டேர்முக்குக் காத்திராமல், முதல் இரண்டு வார வினாடி வினாக்களை வைத்தே இருப்பதா விலகுவதா என்று முடிவெடுங்கள். பேராசிரியருக்கு நீங்கள் மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. வயது 18 ஆகாவிட்டாலும் கல்லூரிப் பதிவுகளின் உரிமை பிள்ளைக்குத்தான், கேட்பதும் பிள்ளையாகவே இருக்க வேண்டும்.

பிசியிலிருந்து மல்டிவேரியபிளுக்குப் போகும் பிள்ளை கோடையில் ஒரு விஷயத்தைத் தானாகப் படித்துவிட வேண்டும். முக்கோணவியல் சார்புகளைப் பிரதியிட்டுத் தொகையிடும் முறை பிசி பாடத்திட்டத்தில் இல்லை. காலேஜ் கால்குலஸ் 2-இல் உண்டு. மல்டிவேரியபிள் பேராசிரியர் அது தெரியும் என்று எடுத்துக்கொண்டே நடத்துவார்.