நாய் இருக்கிற வீட்டுக்கு எந்த அழகுப் புல் ஒத்துவரும்?

நர்சரியில் கேட்டால் "புல்லுதானே சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். விஷத்தை மட்டும் பார்த்தால் ஓரளவு சரிதான். ஆனால் நாய்க்காகப் புல் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுணையும் (கதிரில் இருக்கும் முள் மாதிரி முடி) இலை விளிம்பும்.

அதிகம் விற்கிற ஃபவுண்டன் கிராஸை எடுத்துக்கொள்வோம். விஷம் கிடையாது, நம்ம கம்புக்கு நெருங்கிய சொந்தம், கதிரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இளங்கதிர் மெத்தென்று இருக்கும், முற்றிக் காய்ந்த பிறகு பொலபொலவென்று உதிர்ந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். சிப்பிப்பாறை மாதிரி குட்டை முடி என்றால் தட்டிவிட்டால் போச்சு. கோல்டன், ஷிட்சு மாதிரி நீள முடி என்றால் அந்தச் சுணை காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் போய் உட்காரும், நாய் ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும், முடியை விலக்கிப் பார்த்தால் சின்ன வீக்கம், நடுவில் ஒரு துளை, அதிலிருந்து நீர் கசியும். உள்ளே போன சுணை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் டாக்டருக்கே தேடுவது சிரமம். காலி மனைகளில் கிடக்கும் ஊசிப்புல் இதைவிட மோசம், அதன் நுனி முள் ஒரே திசையில் உள்ளேதான் நகரும். கதிர் பழுப்பாகும்போதே வெட்டிவிடுகிற ஆளாக இருந்தால் ஃபவுண்டன் கிராஸ் வைக்கலாம்.

பாம்பஸ் புல் வேண்டவே வேண்டாம். அதிலும் விஷம் இல்லை, ஆனால் இலை விளிம்பு கரும்புத் தோகை மாதிரி அறுக்கும். கடிக்கிற பழக்கமுள்ள குட்டிக்கு நாக்கும் ஈறும் கிழியும்.

எலுமிச்சைப் புல் டீக்கு நல்லது, நாய்க்கு ஆகாத செடிகளின் பட்டியலில் அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. அதைச் சேர்த்திருக்கிறது. ஒரு கடி கடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, நிறையத் தின்றால் வயிற்றைப் புரட்டும். எட்டாத உயரத்தில் தொட்டி வையுங்கள்.

மோண்டோ கிராஸ் உண்மையில் புல்லே இல்லை, தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். சுணை இல்லை, இலை மென்மை. நீலக் காய் வந்தால் கிள்ளிவிடுங்கள், தின்றால் வாந்தி எடுக்கலாம். ஒரே குறை, சென்னை வெயிலில் நேராக வைத்தால் நுனி கருகும். ஸ்பைடர் பிளான்ட்டும் அதே குடும்பம்தான், நாய்க்கு விஷமில்லை, நிழலில் நன்றாக வரும். நான் சொல்வது இதுதான்: நிழல் ஓரத்துக்கு இந்த இரண்டு, வெட்ட வெயிலுக்கு அருகம்புல் அல்லது கொரியன் கிராஸ். அருகம்புல்லை எப்படியும் நாய் தேடிப்போய்த் தின்னத்தான் போகிறது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு அடியுரமாக ஆமணக்குப் புண்ணாக்கு போடுகிறவர்கள் உண்டு. அதில் ரிசின் என்ற விஷம் இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, எலும்புத் தூளோடு கலந்திருந்தால் வாசனைக்கே நாய் தோண்டித் தின்னும். மக்கிய இலையுரம் போதும். அப்புறம், புல்லுக்கு நடுவில் அழகுக்கென்று பனை மாதிரி இருக்கும் சைக்காஸ் செடி நட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். அதன் விதை ஒன்றிரண்டு போனாலே நாயின் ஈரல் கெட்டுவிடும், தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.