சித்தரிப்பதா, வரைவதா, காட்டுவதா?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் நான் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்நாட்டு நூறு ரூபாய் நோட்டை மேசையில் விரித்து, அதில் இருப்பவரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். 1958இல் மறைந்த ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், அரசியல்வாதி. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘இவர் சட்டசபையில் மக்களைச் சித்தரித்தார்.’

சிரித்த பிறகுதான் புரிந்தது. பிள்ளை பிரெஞ்சில் யோசித்திருக்கிறாள். படத்தில் காட்டுவதற்கும், நாடகத்தை மேடையேற்றுவதற்கும், மக்கள் சார்பில் பேசுவதற்கும் அங்கே ‘ரெப்ரெசாந்தே’ ஒன்றே போதும்.

தமிழில் வேலை பிரிந்து கிடக்கிறது. கோடு என்றால் வரை, வண்ணம் என்றால் தீட்டு. காவடித் திருநாளுக்கு முன் கோபுரச் சுதைகளுக்கு வண்ணம் தீட்டுவார்களே தவிர, சித்தரிக்க மாட்டார்கள். நோட்டில் அந்த முகம் அச்சிடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இவையெல்லாம் கைவேலையைச் சொல்பவை, யாரையும் எடைபோடுவதில்லை.

சித்தரி அப்படியல்ல. சித்திரத்தின் உறவுக்காரச் சொல்தான். ஆனால் இன்று தூரிகையைவிடப் பேனாவோடுதான் அதற்கு நெருக்கம். ‘மீனவர் வாழ்வைச் சித்தரிக்கும் கதை’ என்று சாதுவாகவும் வரும். ஆளைப் பற்றி வரும்போதுதான் பெரும்பாலும் ஓர் ‘ஆக’ ஒட்டிக்கொள்கிறது: தியாகியாகச் சித்தரித்தார், கோழையாகச் சித்தரித்தார். சித்தரித்தவரின் கருத்து அந்த ‘ஆக’வில்தான் உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாளில் ‘கொலையைத் தற்கொலையாகச் சித்தரித்தனர்’ என்று படித்தால், பொய் சொன்னார்கள் என்றே பொருள். அதனால் புகழ வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைத் தொட எனக்குத் தயக்கம். ‘கரும்புத் தோட்டத் தொழிலாளியை வீரனாகச் சித்தரிக்கும் கதை’ என்றால், உண்மையில் வீரன்தானா என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கிறது. ‘அவன் வீரத்தைக் காட்டும் கதை’ என்றால் அந்த வம்பில்லை.

எனக்குப் பிடித்தது என்னவோ ‘எழுது’தான். கண்ணுக்கு மை தீட்டுவதைக் குறள் ‘எழுதுங்கால்’ என்கிறது (1285). ஓவியம் எழுதினான் என்று இன்று சொன்னால் பழசாக ஒலிக்கும். சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

மாணவி வாக்கியத்தை ‘மக்களுக்காகப் பேசினார்’ என்று திருத்திவிட்டுக் கீழே இன்னொன்றும் சேர்த்தாள்: ‘நோட்டில் இவரைக் கண்டிப்பானவராகச் சித்தரித்திருக்கிறார்கள்.’

“மிஸ், இதுவும் தப்பா?”

நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மதிப்பெண் குறைக்கவில்லை.